காலண்டரில் இரண்டு சிவப்புக் கட்டங்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டு நம் கடைக் காலண்டரை வாங்கிப் போனவர்களில் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். மார்ச் 13, ஜூலை 23 இரண்டு தேதிகளையும் சுற்றிச் சிவப்பில் கட்டம் போட்டிருக்கிறதே, அது என்ன? கரிநாளா என்று ஒருவர் கேட்டார். அரசு விடுமுறையா என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்டார்கள். கட்டத்துக்குக் கீழே இருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்ட ஒரு பெரியவர் மட்டும், "என்ன அண்ணாச்சி, கலவரத்துக்கெல்லாம் காலண்டர்ல இடமா? நாளைக்கு நம்ம கடைக் கண்ணாடிய உடைச்சா அதையும் போடுவீங்களா?" என்றார். நியாயமான கேள்வி. கல்லா முன்னால் நாலு பேர் நிற்கும்போது இதற்குப் பதில் சொல்லி முடியாது. அதனால்தான் இந்த மடல்.

பொடி எழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: "திருநெல்வேலி எழுச்சி, 1908" என்று ஒன்று, "தாமிரபரணி, 1999" என்று மற்றொன்று. இரண்டும் நம் ஊரில் நடந்தவை. இரண்டுமே கூலியில் தொடங்கியவை.

முதலாவதைப் புரிந்துகொள்ள ரயிலேறித் தூத்துக்குடி போக வேண்டும். அங்கே ஹார்வி சகோதரர்கள் நிர்வாகத்தில் 1888-இல் தொடங்கிய கோரல் மில். விடிவதற்கு முன் உள்ளே போனவர்கள் இருட்டிய பிறகு வெளியே வருவார்கள். வார விடுமுறை என்ற பேச்சே கிடையாது. சிறுவர்களும் நூற்றார்கள். 1908 பிப்ரவரி 27 அன்று அந்தத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குப் பக்கபலம். சுமார் ஒன்பது நாள் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது: கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை. கல்கத்தாவில் அரவிந்தரின் 'வந்தே மாதரம்' பத்திரிகை இந்த வெற்றியைப் பாராட்டி எழுதியது.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் வ.உ.சி.தான். அவரே ஒரு கம்பெனிக்காரர். 1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 10 லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள். எதிரே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அது என்ன செய்தது தெரியுமா? கட்டணத்தைக் குறைத்தது. மறுபடி குறைத்தது. கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம், கூடவே குடையும் தருகிறோம் என்றது. சின்னவன் ஓயும்வரை நஷ்டத்தைத் தாங்கப் பெரியவனிடம் பணம் இருக்கிறது. ஓய்ந்த பிறகு விலையை அவன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். போனில் நோட்டுப் புத்தகம் வாங்கினால் பேனா இலவசம் என்று வருகிற விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடைதான் ஞாபகம் வரும். (போனில் வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை. என் மகளும் வாங்குகிறாள்.)

அப்படி ஒரு போட்டியில் கழுத்துவரை மாட்டிக்கொண்ட முதலாளி, அடுத்த ஆலையில் தொழிலாளி கூலி கேட்டால் நமக்கென்ன என்றுதான் இருப்பார். தன் ஆட்களும் நாளைக்குக் கேட்பார்களே என்றுகூட யோசிப்பார். கம்பெனிக்குள்ளேயே அவர் அரசியலை விட்டுவிட வேண்டும் என்று நெருக்கடி வந்தது. அவர் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் லாபத்தைப் பிடுங்கி நம்மவன் பையில் போடுவது மட்டும்தான் சுதேசி என்றால், கோரல் மில் வாசலில் அவருக்கு என்ன வேலை?

வங்கத்துச் சுதேசித் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடக் கூடாது என்று கலெக்டர் விஞ்ச் தடை போட்டதும், அதை மீறியதும், மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். மறுநாள், 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, திருநெல்வேலியில் கடைகளை அடைத்தார்கள். மாணவர்கள் வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம் எரிந்தது. காவல் நிலையம், அஞ்சல் அலுவலகம், மண்ணெண்ணெய்க் கிடங்கு எதுவும் தப்பவில்லை. போலீஸ் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் இறந்தார்கள்.

வெள்ளைக்கார அரசே அமைத்து, பத்து வருஷம் கழித்து வெளிவந்த ரௌலட் குழு அறிக்கை இந்த நாளைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். சார்பதிவாளர் அலுவலகம் தவிர ஊரிலிருந்த எல்லா அரசு கட்டடங்களும் தாக்கப்பட்டன என்கிறது. மேசை நாற்காலிகளும் ஆவணங்களும் கொளுத்தப்பட்டன என்கிறது. எழுதியவர்கள் கூட்டத்துக்கு வேண்டியவர்கள் அல்ல. ஆனாலும் அவர்கள் தரும் பட்டியலில் இருப்பது அரசு கட்டடங்கள். வரி போட்ட இடம், அடைத்து வைத்த இடம், அவற்றின் காகிதங்கள். வெறி பிடித்த கும்பல் என்று நாம் சொல்லிவிடுகிறோம். அந்தக் கும்பலுக்கு விலாசம் தெரிந்திருக்கிறது.

அதே நாட்களில் தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடி வெளியே வந்தார்கள். இந்த முறை கூலிக்காக இல்லை, தலைவர்களை விடச் சொல்லி. இந்தியாவில் நடந்த முதல் அரசியல் வேலைநிறுத்தம் அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. ஜட்கா ஓட்டுகிறவர்கள், சலவைத் தொழிலாளர்கள், முடிதிருத்துகிறவர்கள், கசாப்புக் கடைக்காரர்கள் என்று எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தலைவர்களுக்கு எதிராகப் பேசிய ஒரு பெரிய மனிதரைப் பாதிச் சவரத்தோடு எழுப்பி அனுப்பிய நாவிதரின் கதையை இன்றும் சொல்வார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். தன் ஒரு நாள் வருமானத்தை எடுத்துத் தெருவில் வைத்தவர் அவர்.

பிறகு கணக்குத் தீர்த்தார்கள். ஊருக்குத் தண்டக் காவல் படை வந்தது. அதன் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே கட்டினார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை எழுதினார். மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது, கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. சென்னையில் சின்னதாகக் கடை வைத்துப் பிழைக்கப் பார்த்தார். கடை வைத்திருப்பவனுக்கு அந்த வரியைத் தாண்டிப் போவது கஷ்டம்.

பின்னால் இங்கே கலெக்டராக இருந்த ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றதையும் இதோடு சேர்ப்பீர்களா என்று கேட்பீர்கள். 1911 ஜூன் 17, மணியாச்சி. அதற்கு நான் கட்டம் போடவில்லை. வாஞ்சிநாதன் சட்டைப் பையிலிருந்த கடிதத்தில் ஆலையும் கூலியும் வரவில்லை. சனாதன தர்மம் வருகிறது. ஊரே வேலையை நிறுத்துவது வேறு, ஒருவர் துப்பாக்கியோடு ரயிலேறுவது வேறு. பலருக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

இனி பெரியவர் கேட்ட கண்ணாடிக்கு வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் கடைக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறோம். அந்தத் தீ விபத்துப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். மின்னல், புயல், வெள்ளம் என்று வரிசையாக இருக்கும். நடுவில் ஒரே வரியில் "கலவரம், வேலைநிறுத்தம், கெடுநோக்கச் சேதம்" என்று இருக்கும். வேலைநிறுத்தம் என்ன பாவம் செய்தது, கலவரத்துக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் உட்கார? எங்கிருந்தோ வானத்திலிருந்து இறங்குகிற சமாச்சாரம் மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணாடி உடைந்தால் சர்வேயர் வருவார், அளப்பார், தொகை எழுதுவார். பெரிய கம்பெனி எதிரே வந்து அடக்க விலைக்கும் கீழே விற்று நம் கடை மூடிப்போனால் எந்த சர்வேயரும் வர மாட்டார். இருபது வருஷம் ஒருவருக்குக் கூலி குறைத்துக் கொடுத்தால் அதற்கும் பாலிசியில் வரி கிடையாது. சேதக் கணக்கைக் கண்ணாடி உடைந்த நிமிஷத்திலிருந்துதான் எழுதத் தொடங்குகிறார்கள். முன் பாக்கியை விட்டுவிட்டு எழுதுகிற பேரேடு இது. வியாபாரம் செய்கிற யாரும் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டோம், தெருவில் நடக்கும்போது மட்டும் ஒத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது கட்டத்தில் எரிந்த கட்டடமே இல்லை. மாஞ்சோலை தேயிலைத் தோட்டம் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருஷக் குத்தகைக்கு விட்ட மலை. 1929 முதல் 2028 வரை. எடுத்தது பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். கேட்டுச் சிறைக்குப் போனவர்களை விடுவிக்க வேண்டும் என்று 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். கையில் இருந்தது மனு. போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் ஆறு. பதினேழு பேர் செத்தார்கள், அதில் பெண்கள் இரண்டு பேர், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று. அன்று சாயங்காலம் கடைத்தெருவில் எல்லோரும் பேசியது "கலாட்டாவாமே, கடையைத் திறந்து வைக்கலாமா" என்றுதான். 2024-இல் அந்த மலையிலிருந்து தொழிலாளர்களை விருப்ப ஓய்வு என்று சொல்லி இறக்கத் தொடங்கினார்கள். இது எந்தக் கணக்கில் வரும்?

சொத்தை உடைப்பதுதான் வன்முறை என்பவர்களுக்குத் தூத்துக்குடி மாவட்டத்துத் தலித் கிராமமான கொடியன்குளத்தையும் ஞாபகப்படுத்துகிறேன். 1995 ஆகஸ்ட் 31. ஊருக்குள் நுழைந்தது போலீஸ். வளைகுடா போய் உழைத்துக் கொண்டு வந்த காசில் வாங்கிய டிவி, மின்விசிறி, தையல் மிஷின் எல்லாவற்றையும் உடைத்தார்கள். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் கிழித்தார்கள். குடிநீர்க் கிணற்றைப் பாழாக்கினார்கள். தலித்துகள் நாலு காசு சேர்த்துவிட்டார்கள் என்பதுதான் அங்கே கண்ணை உறுத்தியது. தனியார் சொத்து புனிதம் என்கிற பேச்சு அன்றைக்கு எங்கே போனது?

கல் எறிந்தால் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பந்த் என்று அறிவித்துவிட்டு, தலைவர் படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்து டீக்கடை பாய்லரைக் கவிழ்க்கிறவர்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு பெரிய ஜவுளிக் கடை ஷட்டர் பக்கம் போகத் தைரியம் வராது. தொண்ணூறுகளில் நம் தென்மாவட்டங்களில் சாதிச் சண்டை என்று வெட்டிக்கொண்டு செத்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு பக்கமும் கூலிக்காரர்கள், கரிசல் காட்டில் அரை வயிற்றோடு கிடந்தவர்கள். நிலமும் ஆலையும் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சண்டையால் ஒரு நஷ்டமும் இல்லை. ஒன்றாகச் சேர்ந்து கூலி கேட்க ஆள் இல்லாமல் போனது அவர்களுக்கு லாபம். அந்த நாட்களுக்கெல்லாம் நம் காலண்டரில் ஒருபோதும் கட்டம் வராது.

இதையெல்லாம் பேசுகிற நீயும் முதலாளிதானே என்று இரண்டு பேர் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம். ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். ஜூன் மாதப் பள்ளிக்கூட சீசனில் அவர்கள் ஓடுகிற ஓட்டத்தில்தான் என் வருஷம் ஓடுகிறது. 2021-இல் கடைத் தொழிலாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே, அதற்கு முன்பே ஸ்டூல் போட்டிருந்தோம் என்று பெருமை பேச ஆசைதான். எங்கள் கடைப் பெண்கள் இதைப் படிப்பார்கள், பொய் சொல்ல முடியாது. சட்டம் வந்த பிறகுதான் போட்டோம். அந்தச் சட்டமும் சும்மா வரவில்லை. கோழிக்கோட்டில் ஜவுளிக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடி, 2018-இல் கேரளம் முதலில் கொண்டுவந்தது. முதலாளிகளின் நல்ல மனதை நம்பி உட்கார்ந்திருந்தால் அவர்கள் இன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருப்பார்கள்.

சிலருக்கு வீட்டுச் சுவரில் இந்தக் கட்டங்கள் உறுத்தலாம். காலண்டரைத் திருப்பிக் கொண்டு வந்தால் சாமி படம் போட்ட, கட்டம் இல்லாத காலண்டர் தருகிறோம். கொஞ்சம் இருப்பு இருக்கிறது. யாரையும் கேள்வி கேட்க மாட்டோம். கட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி அச்சடிக்கச் சொல்லாதீர்கள், அது நடக்காது.

அப்புறம், மார்ச் 13 அன்று கடை மதியம் இரண்டு மணிக்குத்தான் திறக்கும். காலை நேரத்துக்கு ஊழியர்களுக்குச் சம்பளம் உண்டு. அவர்கள் எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. தேர்வு நேரம் என்பதால் கிராஃப் தாள், விடைத்தாள் கட்டு, பேனா மை வேண்டியவர்கள் 12-ஆம் தேதி இரவுக்குள் வாங்கிவிடுங்கள். பள்ளிகளுக்கான மொத்த ஆர்டரில் கோடு போட்ட நோட்டு, கோடு போடாத நோட்டு எத்தனை வேண்டும் என்பதை மார்ச் கடைசிக்குள் சொல்லிவிட்டால் சிவகாசிக்கு எழுதச் சௌகரியமாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டுப் புத்தகக் கடைக்காரர்,
திருநெல்வேலி சந்திப்பு