அந்த 40 தோப்புகளுக்கு ஆள் வேண்டும்

வாஷிங்டன் வட்டாரத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பிட்ஸ்பர்க் வெங்கடாசலபதி கோயிலுக்கு நம் குடும்பங்கள் வருடா வருடம் காரில் போய் வருகின்றன. அந்த வழியில் சாமர்செட்டில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் ஷாங்ஸ்வில். 2001 செப்டம்பர் 11 அன்று யுனைடெட் 93 விமானம் விழுந்த இடம், இப்போது அங்கே தேசிய நினைவிடப் பூங்கா இருக்கிறது. நம் ஊரை நோக்கித் திருப்பப்பட்ட விமானம் அது, இன்னும் 20 நிமிடம் பறந்திருந்தால் இங்கே வந்து சேர்ந்திருக்கும். கடத்தியவர்களை எதிர்த்து எழுந்து, வழியிலேயே உயிரை விட்டார்கள் அதில் வந்த 40 பேரும். நாமோ புளியோதரைப் பொட்டலத்தோடு அந்தப் பக்கத்தைத் தாண்டி வந்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் வந்தேன்.

அது பழைய நிலக்கரிச் சுரங்க பூமி. தோண்டி முடித்ததும் கனரக வண்டிகளால் மண்ணை இறுக்கி மட்டமாக்கிப் புல் விதைத்துவிட்டதால் வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. 2012 தொடங்கித் தன்னார்வலர்கள் அங்கே லட்சத்துக்கு மேல் கன்று நட்டிருக்கிறார்கள், அதுவும் இயந்திரத்தால் நிலத்தை ஆழமாகக் கீறிவிட்ட பிறகு. இறந்தவர்களுக்காகத் தனியாக 40 தோப்புகள், தோப்புக்கு 40 மரம். நட்டால் மட்டும் போதுமா? போன தடவை ஒரு இளங்கன்றின் அடியில் புல் முட்டிவரை மண்டிக் கிடந்தது. கையால் விலக்கிப் பார்த்தேன், வயல் எலி பட்டையைக் கொறித்து வெள்ளையாக அரை வளையம் போட்டிருந்தது. வளையம் முழுதாகச் சுற்றி வந்தால் கன்று போச்சு. புல்லைப் பிடுங்கி, மரத்தூளைத் தண்டில் ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் பரப்பிவிட்டு வந்தோம். வேலை அவ்வளவுதான், ஆனால் அதற்கு ஆள் வேண்டும்.

நீங்கள் நன்கொடை திரட்டுகிறீர்கள், நல்ல காரியம். இந்த முறை ஒரு சனிக்கிழமையும் ஒரு வேனும் கொடுங்கள். பூங்காக்காரர்களிடம் தன்னார்வலர் தேதியைக் கேட்டு, குழுவாகப் பெயர் கொடுக்கலாம். தமிழ்ப் பள்ளியின் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வரட்டும். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் அபார்ட்மெண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களையும் கூப்பிடுங்கள், அவர்களை விட்டுவிட வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு பார்த்தவருக்கு எந்தக் கன்று வாடுகிறது என்று நாம் சொல்லித்தரவா வேண்டும்? களைத்தால் அங்கேயே 40 காற்றுமணிகள் தொங்கும் 93 அடி நினைவுக் கோபுரத்தடியில் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

கையுறையும் கெட்டியான ஷூவும் போதும். வேன் ஓட்ட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்