வாடகைக்கு ஓர் அறை: எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய நிர்வாக சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், நிர்வாக சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம், வாசகசாலைக்குப் பின்னால் உள்ள அறையை, குடியை விட்டவர்களும் விட விரும்புபவர்களும் கூடும் எங்கள் ஏ.ஏ. குழுவுக்கு வாடகைக்குத் தருவீர்களா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் இந்த மடலுக்கே வேலையில்லை. வாடகையே வேண்டாம், திறப்புவிழா வைப்போம், தவிசாளரைக் கூப்பிடுவோம், ‘குடியை வென்ற எம்மவர்’ என்று பதாகை கட்டுவோம், லண்டனில் இருக்கும் எங்களூர் ஐயா ஒருவர் கதிரைகளும் மின்விசிறியும் வாங்கித் தருவார், வருபவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பதியப் புத்தகம் போடுவோம் என்றெல்லாம் சொன்னீர்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அதில் ஒன்றைக்கூட எங்களால் ஏற்க முடியாது. ஏன் என்று சொல்ல நேரில் வந்தபோது கூட்டம் சத்தத்தில் முடிந்தது. “இவங்களுக்கு வெறி முறிஞ்சும் திமிர் முறியேல்லை” என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. சரி, எழுதியே சொல்லிவிடுகிறேன். வேறு ஊர்களிலும் இந்தப் பேச்சு வரும் என்பதால் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

ஏ.ஏ. என்றால் அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், அதாவது ‘பெயர் சொல்லாத குடிகாரர்கள்’. அதைத் தொடங்கியவர்கள் இரண்டு குடிகாரர்கள். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகரம். நியூயோர்க்கில் பங்குத்தரகராக இருந்த பில் வில்சன், வந்த காரியம் கைகூடாமல் ஹோட்டலில் தனியே நின்றார். குடியை விட்டு ஐந்து மாதம். ஒரு பக்கம் மதுச்சாலைச் சத்தம், மறுபக்கம் தொலைபேசி. சம்பளக் காசோடு தவறணையடியால் நடந்து வந்தவர்களுக்கு அந்த இடம் நன்றாக விளங்கும். அவர் தொலைபேசியை எடுத்தார். தேவாலயப் பட்டியலைப் பார்த்து அழைத்து, பேசுவதற்கு ஒரு குடிகாரர் கிடைப்பாரா என்று கேட்டார். கிடைத்தவர் டொக்டர் பொப் ஸ்மித், சத்திரசிகிச்சை நிபுணர். கால் மணித்தியாலம்தான் இருப்பேன் என்று வந்தவர் மணிக்கணக்காக இருந்துவிட்டார். பில் புத்திமதி சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். அதற்குப் பிறகும் டொக்டர் ஒருமுறை வழுக்கினார், மறுபடி குடித்தார். ஜூன் 10 காலை அவருக்கு ஒரு சத்திரசிகிச்சை இருந்தது. கை நடுங்காமலிருக்கப் பில்லே அவருக்கு ஒரு போத்தல் பியர் கொடுத்தார். டொக்டர் கடைசியாகக் குடித்தது அதுதான். அந்த நாளைத்தான் ஏ.ஏ.யின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள்.

அந்த நடுக்கம் எங்களுக்குப் புதிதல்ல. இப்போது நாங்கள் ஒருவர் வீட்டு மாமரத்தடியில் கூடுகிறோம். வெறுந்தேத்தண்ணியும் கடிக்கப் பனங்குட்டானும் இருக்கும். (கள்ளைத் தந்த பனைதான் இதையும் தருகிறது, பனையில் பிழையில்லை.) முதல்முறை வந்த ஒருவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தும் தேத்தண்ணி சாரத்தில் சிந்தியது. யாரும் பதறவில்லை. பக்கத்தில் இருந்தவர் அதில் பாதியைத் தன் கோப்பைக்கு ஊற்றி, “இனிப் பிடியுங்கோ அண்ணை, எனக்கும் மூன்று கிழமை இப்படித்தான்” என்றார். வாசலில் அடையாள அட்டை கேட்டிருந்தால் அந்த அண்ணை படலையோடு திரும்பியிருப்பார். இதில் சேர ஒரே தகுதி, குடியை விடவேண்டும் என்ற விருப்பம். அதைப் பதியப் புத்தகம் தேவையில்லை.

லண்டன் ஐயாவின் கதிரைகளுக்கு வருகிறேன். பில்லுக்கும் ஆரம்பத்தில் பெரிய ஆசைகள் இருந்தன: ஆசுபத்திரிகள், சம்பளத்துக்கு ஊழியர்கள். ரொக்பெல்லரிடமே போனார்கள். பணம் இதைக் கெடுத்துவிடும் என்று நினைத்த அந்தக் கோடீஸ்வரர் சிறு தொகையோடு நிறுத்திக்கொண்டார். 1940 இல் பெரிய பணக்காரர்களை அழைத்து விருந்து வைத்தபோதும், இவர்களுக்கு உங்கள் காசு தேவையில்லை, நல்லெண்ணம் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறகு அதுவே மரபாயிற்று. 1946 இல் எழுதி, 1950 இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் ஏழாவது, வெளியார் பணம் வாங்காதே என்கிறது. எங்களிடம் ஒரு பழைய பிஸ்கட் தகரம் சுற்றி வரும். உங்கள் வாடகை அதிலிருந்து வரும். குடிக்கிற காலத்தில் ஊரெல்லாம் கடன் வாங்கியவர்கள் நாங்கள். வாடகை கொடுப்பது எங்களுக்கு ஒரு மருந்து.

பதாகைக்கும் இதே பதில்தான். நான் குடித்ததை ஊரே பார்த்தது, விட்டது மட்டும் இரகசியமா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் என் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு மாலை சூட்டிய மறுமாதம் நான் வழுக்கினால், ‘அந்தக் கூட்டம் சரிவராது’ என்றுதான் ஊர் சொல்லும். மாலையே என்னைக் குடிக்க வைக்கவும் கூடும். எனக்கு என் தலைக்கனம் தெரியும்.

தவறணையை மூடச் சொல்லும் ஊர்வலத்துக்கு எங்களை முன்வரிசையில் கேட்டீர்கள். உங்கள் மனுவில் என் கையெழுத்து இருக்கிறது, அது தனி ஆளாக வைத்தது. ஏ.ஏ.யின் பெயரில் வர முடியாது. 1840 இல் பால்டிமோர் மதுச்சாலை ஒன்றில் ஆறு குடிகாரர்கள் தொடங்கிய வாஷிங்டனியன் இயக்கம் இலட்சக்கணக்கில் வளர்ந்து, மதுவிலக்கு அரசியலுக்குள் இழுபட்டு, சில ஆண்டுகளிலேயே கரைந்துபோனது.

இன்னொன்று. இது மதம் மாற்றும் வேலையோ என்று ஒருவர் கேட்டார். ஏ.ஏ. ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் நிழலில் முளைத்ததுதான், மறைக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் அதைவிட்டுப் பிரிந்தது. குடியை விட ஏ.ஏ. காட்டும் பன்னிரண்டு படிகளில் எழுதியிருப்பது ‘நாங்கள் விளங்கிக்கொண்டபடியான கடவுள்’. எங்களில் ஒருவருக்கு அது சன்னதி முருகன், இன்னொருவருக்கு மடு மாதா, ஒருவர் மாமரத்தடியே போதும் என்கிறார்.

பத்திரிகை வாசிக்க வருபவர்கள் ஆறு மணியோடு போய்விடுவார்கள். எங்களுக்கு ஆறரையிலிருந்து ஏழரை வரை போதும். வாடகையைச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டைப் பெயர் போடாமல் எழுதுங்கள். திறப்பை யாரிடம் வாங்குவது என்றும் சொல்லிவிட்டால், மாரி தொடங்குமுன் மாமரத்தடியிலிருந்து எழும்பி வந்துவிடுவோம். கதிரைகளைத் திரும்ப அடுக்கிவிட்டுத்தான் போவோம்.

இப்படிக்கு,
உங்கள் ஊரவன் ஒருவன்