தேடாமலே வரும் சகவாசம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இளைஞர்கள் தீவிரவாதத்தின் பக்கம் சாய்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, கெட்ட சகவாசத்தை முக்கியக் காரணமாகச் சொன்னது. சரிதான். ஆனால் இன்று அந்தச் சகவாசத்தைத் தேடிப் பிள்ளைகள் எங்கும் போவதில்லை. அதுவே அவர்கள் கைபேசிக்குள் வந்துவிடுகிறது.

என் அக்கா மகனுக்குப் பதினேழு வயது. உடற்பயிற்சி வீடியோக்களை விரும்பிப் பார்ப்பான். ஒருநாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலாவது வீடியோவில் ஒருவர், ஆண்களுக்கு இப்போது மதிப்பே இல்லை என்று புலம்பினார். அடுத்தவர் அதற்குப் பெண்கள்தான் காரணம் என்றார். அதற்கும் அடுத்தவர், வந்தேறிகளை விரட்டாவிட்டால் நமக்கு வாழ்வில்லை என்று கத்தினார். பையன் எதையும் தேடவில்லை. ஒன்று முடிந்ததும் இன்னொன்று தானாக ஓடியது. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

தீவிரக் குழுக்களில் நடந்த சேர்க்கைகளில் 64 சதவீதம் தங்கள் தளம் தானாகக் காட்டிய பரிந்துரைகளால் வந்தவை என்று ஃபேஸ்புக்கின் 2016 உள் ஆய்வே ஒப்புக்கொண்டது. கோபமும் பயமும் ஆளைத் திரையை விட்டு நகரவிடாது. அந்த நேரம்தான் நிறுவனத்துக்கு விளம்பரக் காசு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் யூடியூபில் ஊறியவன் என்று அரச விசாரணை ஆணையம் பதிவு செய்தது. முதல் மசூதியில் செய்த கொலைகளை அவன் ஃபேஸ்புக் நேரலையில் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் மட்டும் அந்த வீடியோவின் 15 லட்சம் பிரதிகளை ஃபேஸ்புக் நீக்க வேண்டியிருந்தது.

வீடியோ பார்த்த எல்லாரும் கெட்டுப்போவதில்லை. தனிமையில் இருக்கும் பிள்ளைதான் மாட்டுகிறது. என் அக்கா மகன் ஒரு மூடிய குழுவில் சேர்ந்திருந்தான். காட்டச் சொன்னேன். வெறுப்புப் பேச்சுக்கு நடுவே, ராத்திரி ஒரு மணிக்கு யாரோ கேட்டிருந்தார்: “இன்னும் தூங்கலையா தம்பி? மனசு சரியில்லையா?” வீட்டில் நாங்கள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. கைபேசியைப் பிடுங்க நினைத்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்குகளைத் தடுத்திருக்கிறது. ஆனால் பதினாறு முடிந்த மறுநாள் அதே பரிந்துரைதானே காத்திருக்கும்? அடுத்த வீடியோ தானாக ஓடுவதையும், முன்பின் தெரியாத குழுக்களைக் காட்டுவதையும் இளையோர் கணக்குகளில் முதலிலேயே நிறுத்திவைக்கச் சட்டம் வேண்டும். உங்கள் இதழ் இதை விடாமல் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி