எட்டுக் காம்பரா லயத்தைக் காப்போம்: மஸ்கெலியா உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்

அன்பான உறவுகளே,

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில், காமன் கூத்து ஆடும் திடலான காமன் பொட்டலுக்குப் பக்கத்தில் இருக்கும் எட்டுக் காம்பரா லயம், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் இருந்த எட்டு அறை வரிசை வீடு, இப்போது காலியாகிவிட்டது. கடைசியாக இருந்த குடும்பங்களும் ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அதில் எங்களுக்கு முழுச் சந்தோஷம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில், மழை பெய்தால் பேச்சுக் கேட்காத தகரத்தின் கீழ், தாத்தா முதல் பேரப்பிள்ளை வரை நெருக்கிப் படுத்த அந்த வாழ்க்கை இனி யாருக்கும் வேண்டாம்.

ஆனால் இந்த லயத்தையும் இடித்துவிட்டால், நம்மவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இந்தப் பிரிவில் ஒரு சுவர்கூட மிஞ்சாது. அதனால் தோட்ட நிர்வாகத்திடம் பேசி, இதை மட்டும் விட்டுவைக்க எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறோம். அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் கூரையைச் சரிசெய்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. மஸ்கெலியாவில் மே மாதம் தொடங்கும் மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரம் ஓட்டையாக இருந்தால் இந்தச் சுவர்கள் ஒரு பருவம் தாங்காது.

டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி தேவாலயத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1878ல் கட்டியது. இந்தப் பக்கத்துக் காடுகளில் தோட்டம் திறந்த துரைமார்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. பெயரும் வருடமும் கல்லில் வெட்டியிருக்கிறது. அதை நன்றாகப் பராமரிக்கிறார்கள், பராமரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காட்டை வெட்டியவர்கள், பாதை போட்டவர்கள், கன்று நட்டவர்கள் எங்கே புதைந்தார்கள்? பெரும்பாலும் தேயிலைக்கு அடியில்தான். அவர்களுக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. இந்த மலைகளின் முன்னோடிகள் என்று நாங்கள் சொல்வது அவர்களைத்தான்.

1820களில் கோப்பித் (காபி) தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து இந்தத் தீவுக்கு நம்மவர்கள் வரத் தொடங்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. 1867ல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார்கள். இரண்டே வருடத்தில் கோப்பி இலையில் நோய் விழுந்து, பிறகு தீவு முழுக்கக் கோப்பி அழிய, அந்த மலைகளிலெல்லாம் தேயிலை ஏறியது. அட்டனுக்குக் கோச்சி (ரயில்) வந்தது 1884ல்தான். அதற்கு முன்னால் நாவலப்பிட்டிக்கு மேலே வந்தவர்கள் எல்லோரும் வண்டித் தடத்திலும் ஒற்றையடிப் பாதையிலும் ஏறி வந்தவர்கள். 2023ல் அந்தப் பழைய வழியை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தபோது, நம் பகுதியிலிருந்தும் போய்ச் சேர்ந்துகொண்டவர்கள் உண்டு. போய் வந்தவர்கள் கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்தக் குழுவே உருவானது. ‘இருநூறு வருடம் என்கிறோமே, காட்டுவதற்கு நம் தோட்டத்தில் என்ன இருக்கிறது?’ என்றார்கள்.

லயத்தில் இரண்டு காம்பராவை இருந்தது இருந்தபடியே வைக்கப்போகிறோம். அடுப்பு, புகை படிந்த சுவர், இஸ்தோப்பு (வாசல் திண்ணை), சாமிப்பட மூலை எதையும் தொடமாட்டோம். மற்றக் காம்பராக்களில் பொருள்கள். கொழுந்துக் கூடை, இடுப்பில் கட்டும் படங்கு, கவ்வாத்துக் கத்தி, கறுப்புக் கம்பளி, காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்குக் கூப்பிட அடித்த தப்புப் பறை, பழைய அட்டைகள், துண்டுச் சீட்டுகள், பற்றுச்சீட்டுகள். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பிரசாவுரிமை (குடியுரிமை) கடிதமும் இதில் சேரும். 1948ல் சட்டம் போட்டு நம்மை நாடில்லாதவர்கள் ஆக்கினார்கள். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் ஆனார்கள். இந்தியாவுக்குப் போனவர்களை ஏற்றிக்கொண்டு போன கோச்சிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று நம்மவர்களே பேர் வைத்தார்கள். அந்தக் காகிதங்களைக் கறையான் அரிக்க விடாதீர்கள். கொடுக்க மனமில்லையென்றால், நாங்கள் படம் பிடித்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம். நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களுக்கும் இதைத் தெரியப்படுத்துங்கள். இங்கே எடுத்த பழைய படங்கள் அவர்களிடம்தான் அதிகம் இருக்கும்.

அடுத்தது காமன் பொட்டல். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றினால், பௌர்ணமி வரை தோட்டத்துக்குத் தூக்கமில்லை. ரதியும் மன்மதனும் லயம் லயமாக வந்து ஆடுவதும், தூதன் ஓடி வருவதும், வீரபத்திரன் வரும்போது சின்னப் பிள்ளைகள் ஓடி ஒளிவதும், கடைசியில் நெற்றிக்கண் திறந்து காமன் எரிவதும், விடியும் வரை ரதி புலம்புவதும், எல்லாமே நம்மவர்கள் ஊரிலிருந்து மனசில் சுமந்து வந்தது. பொட்டிச் சாமான் கொண்டுவர முடியாத பயணத்தில் கூத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ரதி புலம்பலைக் கேட்டு அழாத கிழவிகளை நாங்கள் பார்த்ததில்லை. பகலெல்லாம் மலையில் நின்ற பெண்கள் தங்கள் துக்கத்தையும் சேர்த்துத்தான் அந்த இரவில் அழுதார்கள் என்றே நினைக்கிறோம். பாட்டு முழுக்கத் தெரிந்த வாத்தியார்கள் இப்போது ஒருசிலரே. அவர்கள் குரலை ஒலிப்பதிவு செய்வது எங்களுக்குக் கூரையைவிட அவசரமான வேலை. உண்மையில் முதல் செலவு அதற்கே. பொட்டலைச் சுற்றியுள்ள கல்கட்டும் சரிந்திருக்கிறது, அதையும் எடுத்துக்கட்ட வேண்டும்.

அப்புறம் சுவர் ஓவியம். லயத்தின் பின்சுவர் நீண்டது, றோட்டைப் பார்த்தது. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கம் போகிற வாகனங்கள் அதைத் தாண்டித்தான் போகும். அதில் நம் மலையின் ஒரு வருடத்தை வரையப்போகிறோம். வரைபவர்கள் நம் பாடசாலைப் பிள்ளைகளும், தேர்த் திருவிழாவுக்கும் கடைப் பலகைக்கும் வரைந்து பழகிய நம் பையன்களும். வெளியிலிருந்து ஓவியரைக் கூப்பிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. குழுவில் பெரும்பாலானோர் வேண்டாம் என்றோம். இந்தக் குளிரை உடம்பில் பட்டவன் வரைந்தால்தான் சரியாக வரும்.

மார்கழியில் உந்துவப் போயா என்னும் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரைச் சீசன் தொடங்கி, இருட்டில் 2,243 மீட்டர் உயரம் வரை படிக்கட்டு விளக்குகள் வரிசையாக எரிவது முதல் படம். அடுத்து தை, மாசி. பனிக் குளிர், வெட்டவெளி வெயில், கொழுந்து குறைவு, ஆனால் வருடத்திலேயே வாசமான தேயிலை அப்போதுதான். வறட்சி நீண்டால் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றி, 1960களில் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியா வெளியே வரும். கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் நின்ற இடத்தைச் சேற்றில் நடந்துபோய்ப் பார்த்துக் கும்பிட்டு வருவோம். எங்கள் அப்பாமார் சந்தைக்குப் போன டவுன் அது. அந்தக் காட்சிக்குச் சுவரில் பெரிய இடம் ஒதுக்கியிருக்கிறோம். பிறகு மே முதல் மழை, மூடுபனி, நாள் முழுக்க விளக்குப் போட்ட வீடுகள், படங்கும் பொலித்தீனும் போர்த்திக்கொண்டு மலையில் நிற்கும் பெண்கள், மண்சரிவுப் பயம். ஐப்பசியில் மத்தியான இடியும் தீபாவளியும்.

மேசன்மாரும் தச்சர்களும் நம் பிள்ளைகளே; கொழும்பில் வேலை செய்பவர்கள் விடுமுறையில் வந்து கூலியில்லாமல் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரமதானம் நடக்கும். வாங்க வேண்டியது கூரைத் தகரம், மரம், சீமெந்து, சுண்ணாம்பு, ஈரம் தாங்கும் பெயின்ட், பொருள்களை வைக்கக் கண்ணாடிப் பெட்டி, ஒலிப்பதிவுக் கருவி. இவற்றைப் பொருளாகவும் தரலாம், பணமாகவும் தரலாம். தோட்டத்தில் இருப்பவர்களிடம் ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று முடிவெடுத்திருக்கிறோம். இன்றைய விலைவாசியில் அதுவே பெரிது. முடியாதவர்கள் ஒரு ஞாயிறு வந்து கல் சுமந்தால் போதும். கொழும்பிலும், வளைகுடா நாடுகளிலும், வேறு தேசங்களிலும் நல்ல நிலையில் இருப்பவர்கள் கொஞ்சம் தாராளமாக நினைக்க வேண்டும். உங்கள் பாட்டி முதுகில் கூடையோடு ஏறிய மலை இது.

வரவு செலவு ஒவ்வொரு பௌர்ணமியன்றும் கோயில் பலகையில் ஒட்டப்படும். பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும் ஐந்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கொடுப்பவர் பெயரைச் சுவரில் எழுதும் வழக்கத்தை இந்த முறை வைக்கவில்லை. அதற்குப் பதிலாக, இந்த மலைக்கு முதலில் வந்த உங்கள் குடும்பத்து ஆளின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கங்காணியின் கூட்டத்தில் வந்தார் என்பதைத் தாருங்கள். அதைத்தான் முதல் காம்பராவின் சுவரில் எழுதப்போகிறோம். பெயர் மட்டும் தெரிந்தாலும் சரி, ஊர் மட்டும் தெரிந்தாலும் சரி. பணம் தர முடியாத குடும்பங்களின் முன்னோர் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்கும்.

மாரியம்மன் கோயில் முன்மண்டபத்தில் ஞாயிறு காலை பூசை முடிந்ததும் குழுவினர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருப்போம். பழைய பொருள்களையும் படங்களையும் அங்கேயே கொண்டுவரலாம். நடக்க முடியாத பெரியவர்கள் சொல்லியனுப்பினால் நாங்களே வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்கிறோம். வெளியூரில் இருப்பவர்கள் இங்குள்ள சொந்தக்காரர் மூலம் அனுப்புங்கள். தகரம் வாங்க சித்திரைப் புதுவருடத்துக்குள் பணம் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
லயப் பாதுகாப்புக் குழுவினர்,
மேல்பிரிவு, மஸ்கெலியா