பூட்டிய வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு வணக்கம்.

உங்களில் நான்கு பேர் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. மாதம் இருமுறை திறந்து, பெருக்கி, வௌவாலை விரட்டிவிட்டுப் பூட்டுகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

புயல் என்றால் கடலோரத்துத் தொண்டிக்காரர்கள் கவலை, நமக்கென்ன என்றுதான் நானும் இருந்தேன். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா அங்கேயே நிற்கவில்லை. புதுக்கோட்டையைப் புரட்டிவிட்டு இந்தப் பக்கமும் வந்தது. பின்தெருவில் ஒரு வீட்டுத் தகரக் கூரை பிய்ந்து உங்கள் மதிலில் மோதியது. பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஒரு பெண் திண்ணையில் வந்து நின்றாள். சாவி என் இடுப்பில் இருந்தது. கேட்காமல் எப்படித் திறப்பது என்று விடியும்வரை அவளைத் திண்ணையிலேயே வைத்திருந்தேன். இன்றும் உறுத்துகிறது.

நமக்குக் காற்று மட்டும்தான். கடலோரத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். காற்று நெட்டித் தள்ளினால் தண்ணீர் ஊருக்குள் ஏறத்தான் செய்யும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் ரயிலையே ஆட்களோடு இழுத்துப்போனது. உங்கள் பாட்டன்மார் கொடுக்கல் வாங்கல் செய்த பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்தில், 2008 மே மாத நர்கிஸ் புயலில் இறந்தும் காணாமலும் போனவர்கள் ஏறக்குறைய 1,38,000 பேர்.

அந்தத் தண்ணீர் தேவகோட்டைக்கோ காரைக்குடிக்கோ வராது. அதனால்தான் கேட்கிறேன். புயல் வருகிறதென்று அறிவித்ததும் தொண்டி, மீமிசல் பக்கத்து ஜனங்களும் நம் பின்தெருக்காரர்களும் வந்து தங்க, நல்ல நிலையில் இருக்கும் வீடுகளைத் திறக்க அனுமதி கொடுங்கள். எல்லா வீடும் வேண்டாம். உத்தரம் செல்லரித்த வீட்டில் ஆளை வைப்பது கொலைக்குச் சமம், ஓடு பறந்தால் அதுவே ஆயுதம். ஐப்பசிக்கு முன் கொத்தனாரை வைத்துப் பார்த்துவிடலாம்.

பங்காளிகள் பத்துப் பேரும் ஒத்துவர வேண்டும், தெரியும். வழக்கு நடக்கும் வீட்டைப் பற்றி நான் பேசவே இல்லை.

அப்புறம் ஒன்று. புயலின் கண் ஊர்மேல் வரும்போது காற்று சட்டென்று அடங்கும். முடிந்துவிட்டதென்று ஜனம் வெளியே வரும். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். அப்போது கதவடைத்து உட்காரவைக்க ஓர் ஆள் வேண்டும். அதற்கு நான் இருக்கிறேன்.

நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். முற்றத்து வளவில் பாய் விரித்துக்கொள்வோம். கல்யாணத்துக்கு எடுத்த அண்டாக்கள் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் கவிழ்த்தபடியே கிடக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் சாவிக்காரன், கோட்டையூர்