பின்னணி இசை இல்லாதது குறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியான 'வாழை', 'கொட்டுக்காளி' ஆகிய இரண்டு படங்களுக்குமான உங்கள் விமர்சனங்களைப் படித்தேன். 'வாழை' பற்றி விமர்சகர் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே இல்லை என்பதை ஒரு குறையாகச் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை.

சூரியின் பாண்டி, கட்டிப்போன தொண்டையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரவென்று பேசுகிறான். ஆட்டோ போகும் சத்தம், சேவலின் படபடப்பு, இதற்கெல்லாம் நடுவே வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் மீனா. அங்கே ஒரு வயலின் நுழைந்திருந்தால், மீனாவாக நடித்த அன்னா பென்னின் அந்த மௌனம் நம் காதில் விழுந்திருக்குமா? இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் தெரிந்தே செய்தது அது. அதை விமர்சகர் விளக்கியிருக்க வேண்டும்.

மெதுவாகப் போகிறது என்கிறார். சரி, அது அவர் அனுபவம். அப்புறம், முடிவு புரியவில்லை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதுதான் வருத்தம். நான் பார்த்த காட்சியில் பாதி இருக்கை காலி. இப்படிப்பட்ட படங்கள் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பதே பெரும்பாடு. உங்கள் விமர்சகர் தயவுசெய்து இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை