ஆண்டறிக்கை: காய்ச்சலுக்கு முன்னால் போக வேண்டிய பணம்

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர் பெருமக்களுக்கும், வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

அரசலாற்றங்கரையில் உள்ள நம் ஊர் நலச் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தவறாமல் நடந்தன. தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை பற்றிய மனுக்கள் ஊராட்சியில் கொடுக்கப்பட்டுள்ளன. மற்றபடி சங்கத்தின் உழைப்பெல்லாம் நோய்த் தடுப்பிலேயே போனது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் தண்ணீர். மேல்நிலைத் தொட்டிக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். கைக்கணக்கில் அள்ளிப் போடும் வழக்கத்தை நிறுத்தி, தராசில் நிறுத்துப் போடும்படி ஆபரேட்டரிடம் கேட்டுக்கொண்டோம். பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும், தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குள் போகக் கூடாது. ஊற்றிய ஒரு மணி நேரம் கழித்தே தண்ணீர் திறக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் கடைசித் தெருவில், தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டிய சோதனைக் குப்பி மஞ்சளாகவில்லை. காரணம் இரண்டு. மோட்டார் அறையில் பவுடர் மூட்டை வாய் திறந்தே கிடந்தது. புதுப் பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். ஈரமும் வெயிலும் பட்டால் அது பறந்துவிடும். பாதி வீரியம் போன பவுடரில் 4 கிராம் போடுவதும் நல்ல பவுடரில் 2 கிராம் போடுவதும் ஒன்றுதான். இரண்டாவது, சாக்கடையைக் கடக்கும் இடத்தில் குழாய் மூட்டு கசிந்தது. தண்ணீர் வரும்போது அது வெளியே கசியும்; நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து சாக்கடை நீர் உள்ளே போகும். மறுநாள் முதல் குடம் பிடிப்பவர் வீட்டில்தான் வயிற்றுப்போக்கு தொடங்கும். குழாய் மூட்டை மாற்றி, பவுடரை மூடி போட்ட டிரம்முக்கு மாற்றிய பிறகு கடைசிக் குழாயிலும் குளோரின் 0.2 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குறையாமல் காட்டுகிறது. குழாய் மூட்டைச் சரிசெய்ய ஆன செலவு, ஒரு குழந்தைக்கு ஒரு நாள் டிரிப்ஸ் ஏற்றும் செலவுக்குக்கூட வராது.

அடுத்தது கொசு. டெங்கு வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. உடம்பில் நீர் குறையாமல் பார்ப்பதே சிகிச்சை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீர் நிற்கும் இடத்தில் முட்டையிட்டு ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறக்கிறது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது என்பது அதனால்தான். வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவ முடியாத பெரிய தொட்டிக்கு, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட்: 50 சதவீத மருந்து 1000 லிட்டருக்கு 2 மில்லி. ஆட்டுக்கல், கொட்டாங்கச்சி, பழைய டயர், பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு ஆகியவற்றை வீடு வீடாகப் பார்த்தோம். தட்டைத்தான் யாரும் நினைப்பதில்லை.

காய்ச்சல் வந்த பிறகு புகை அடிக்கச் சொல்வதுதான் ஊரின் முதல் கோரிக்கையாக இருக்கிறது. புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும், தொட்டிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஒரு வாரத்தில் புதுக் கொசு வந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கே பணம் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. கும்பகோணம் வட்டாரத்தை வாட்டிய, கொசுவால் பரவும் யானைக்கால் நோயை நினைத்துப் பாருங்கள். வீங்கிப்போன கால் பழையபடி ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உயர்த்தி வைத்துக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். ஆனால் டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகளை வருடம் ஒரு வேளை ஊரே விழுங்கினால் ரத்தத்தில் உள்ள நுண்புழு அழிந்து, நோய் அடுத்தவருக்குப் பரவாது. தாய்ப்புழு பல ஆண்டு உயிரோடிருக்கும், ஆகவே பல ஆண்டு விடாமல் கொடுக்க வேண்டியிருந்தது. கையில் வாங்கிப் பரணில் போட்ட மாத்திரையால் பயனில்லை. பணியாளர் முன்னாலேயே விழுங்க வேண்டும். ஒரு வேளை போதும் என்று கண்டுபிடித்தது ஆராய்ச்சி. கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியாவைப் பக்குவப்படுத்தியதும், 1975இல் தொடங்கிய புதுச்சேரி கொசு ஆராய்ச்சி மையம்தான். இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

குறை எங்கே என்றால் பங்கீட்டில். முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அது ஏழைகளுக்குப் பெரிய வரம், குறையக் கூடாது. ஊர் முழுவதற்குமான கிராம சுகாதாரக் குழுவுக்கோ தேசிய சுகாதார இயக்கத்தில் ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான். 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையே, அரசின் சுகாதாரச் செலவில் மூன்றில் இரண்டு பங்காவது ஆரம்ப சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்கிறது. இந்தியாவிலேயே முதலாவதான பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் நம் மாகாணத்தில்தான் வந்தது. தடுப்புக்கென்று தனி இயக்குநரகம் வைத்திருக்கும் மாநிலம் இது. கிராமத்தில் மட்டும் ஏன் இழுபறி?

சம்பா வயலில் எலிக்காய்ச்சல் பயத்துக்கும் வழி நம் கையிலேயே இருக்கிறது. தஞ்சாவூர் எலிக்கிட்டி என்னும் எலிப்பொறியை வரப்போரம் வைத்தால் நெல்லும் மிஞ்சும், சேற்றில் எலி மூத்திரம் கலப்பதும் குறையும். காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர்கள் தேங்கிய நீரில் இறங்க வேண்டாம்.

இனி வரும் ஆண்டுக்கான கோரிக்கைகள். பவுடர், அபேட், கொசு ஒழிப்புப் பணியாளர் கூலி ஆகியவற்றுக்கான தீர்மானத்தை ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே நிறைவேற்ற வேண்டும். அக்டோபர் 2இல் கேட்டால் பணம் வருவதற்குள் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொள்ளும். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் ஒதுக்கப்பட்டது. அந்தத் தொகை எந்தத் தெருவில் எந்தக் குழாய்க்குச் செலவானது என்று அதே சபையில் வாசிக்கச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை கடைசிக் குழாயில் குளோரின் பார்க்க உறுப்பினர்கள் இருவர் பெயர் தர வேண்டும். சோதனைக் குப்பி செயலாளர் வீட்டில் இருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்